காசா, அரிசியா, விதைநெல்லா? கொழும்பில் சேர்த்ததை வயலுக்கு அனுப்பும் முன்

டித்வா புயல் அடித்து ஓய்ந்த இரண்டாவது கிழமையில் ஒரே கேள்வியோடு எனக்கு மூன்று அழைப்பு வந்தது. முதலாவது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பு. வீட்டுக்கு வீடு சேர்த்ததில் நல்ல தொகை கையில் இருந்தது. இரண்டாவது கோட்டையில் ஓர் அலுவலகத்தின் நலன்புரிச் சங்கம். மூன்றாவது ஒரு பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை. கனடாவிலிருந்தும் கொஞ்சம் வர இருக்கிறது என்றார்கள். மூன்று பேரும் கேட்டது இதைத்தான்: "வயல் அழிஞ்ச சனத்துக்கு என்னத்தை அனுப்பினா நல்லம்?"

எனக்குச் சொந்த ஊர் வன்னி, வேலை கொழும்பு. சுனாமிக் காலத்திலிருந்து லொறியில் ஏறிப் போய்ப் பொதி கொடுத்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. ஆனால் அந்தப் பயணங்களில் விட்ட பிழைகள் நிறைய. அதில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். நத்தார் கழிந்த கையோடு நாங்கள் ஒரு லொறி நிறையப் பொதி கட்டிக்கொண்டு போனோம். ஐந்து கிலோ அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, சவர்க்காரம். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து மூடியிருந்தோம். வரிசையில் நின்ற அக்கா ஒருவர், ஐம்பது வயதிருக்கும், வாளியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. இந்தக் கிழமை இது மூண்டாவது அரிசி. சிறுபோக நெல்லும் பரணில தப்பிக் கிடக்கு. உழவுகாரனுக்கு அரிசி குடுக்கேலாதெல்லோ."

வயல் மணல் மூடிக் கிடந்தது. மேட்டுக்காணியை உழுது பயறு போட்டால் இரண்டு இரண்டரை மாதத்தில் ஏதாவது கையில் வரும் என்பது அவருடைய கணக்கு. அதற்கு உழவு மெசின்காரனுக்குக் காசு வேண்டும். நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது, கையில் கிடந்த காப்பை அடைவு வைத்து உழுதிருக்கிறார். பயறும் வந்திருக்கிறது.

இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் பத்திரிகைகள் 'மீண்டெழும் மக்கள்' என்று எழுதும். எழுதட்டும், அவர்கள் எழும்புகிறவர்கள்தான். வெள்ளம் வடிந்த மறுநாளே வரம்பில் நின்று அடுத்த விதைப்பைப் பற்றிப் பேசுகிற சனத்துக்குக் கொழும்பிலிருந்து போய் நம்பிக்கை ஊட்டத் தேவையில்லை. ஆனால் எழும்புவதற்கு ஒரு விலை இருக்கிறது. கைக்காப்பு, கறவை மாடு, பிள்ளையின் ரியூசன், அடுத்த வெட்டு நெல்லை அரைவிலைக்கு வியாபாரிக்கு முன்கூட்டியே பேசிக் கொடுத்தது என்று அது பல பெயரில் வரும். அந்த விலையை நாங்கள் அனுப்பியது எவ்வளவு குறைத்தது என்பதைத்தான் இப்போது நான் பார்க்கிறேன்.

எதை வைத்து அளப்பது

நாலு கேள்விகள். முதலாவதுதான் பெரியது, அதனால் அதில் கொஞ்சம் நின்றுகொள்கிறேன்.

இன்றைக்குப் போகத்தின் எந்த நாள்? வடக்கு கிழக்கில் பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையோடு போகும். செப்டெம்பர் கடைசியில் உழவு, ஒக்டோபர் நவம்பரில் விதைப்பு, ஜனவரிக் கடைசி தொடங்கி மார்ச் வரை வெட்டு. யாழ்ப்பாணத்தார் இதையே காலபோகம் என்பார்கள். சிறுபோகம் குளத்தில் தண்ணீர் மிஞ்சினால்தான். ஏப்ரல், மேயில் விதைத்து ஓகஸ்ட், செப்டெம்பரில் வெட்டுவது. கொழும்பில் இருக்கிற எங்களுக்கு வெள்ளம் என்றால் எல்லாம் ஒரே வெள்ளம். கமக்காரருக்கு அப்படியில்லை. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலைப் பக்கம் வந்த வெள்ளம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பாதித்தது. அது கதிர் முற்றி வெட்டுக்கு நின்ற நேரம். மறுபடி விதைக்க வழியில்லை; உரத்துக்கும் உழவுக்கும் வாங்கிய கடன் மட்டும் வாசலுக்கு வந்து நின்றது. டித்வா வந்தது 2025 நவம்பர் 28. பயிர் இளம்பயிர். தண்ணீர் கெதியாக வடிந்த இடங்களில் மூன்று மாதத்தில் விளைகிற நெல்லை மறுபடி வீச இன்னும் நாள் இருந்தது. ஒரே மழை, ஒரே சேதப் படம், ஆனால் முதல் ஆளுக்குத் தேவை கடனைத் தள்ளிப் பிடிக்கக் காசு. இரண்டாம் ஆளுக்குத் தேவை பத்து நாளுக்குள் விதைநெல்லும் உழவும்.

இரண்டாவது கேள்வி, பக்கத்தில் கடை திறந்திருக்கிறதா, கடையில் சாமான் இருக்கிறதா? மூன்றாவது, நாங்கள் போடுகிற 100 ரூபாயில் எவ்வளவு அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்கிறது? நாலாவது, இது கிடைத்தால் அந்தக் குடும்பம் எதை விற்காமல், எதை அடைவு வைக்காமல் தப்பும்? இந்த நாலாவதுக்குப் பதில் சொல்ல முடியாத உதவியை நான் இரண்டு தரம் யோசிப்பேன்.

உலர் உணவுப் பொதி

எல்லாருக்கும் முதலில் வருகிற யோசனை இதுதான். காரணமும் நியாயமானது: கண்ணுக்குத் தெரியும், கையில் பிடிக்கலாம், கணக்குக் காட்டச் சுகம். பொதி கட்டுகிற அன்று தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் சின்னப் பிள்ளைகள் முதல் அங்கிள்மார் வரை நின்று பருப்பு நிறுப்பதைப் பார்க்க நன்றாகவே இருக்கும். அந்தச் சந்தோசத்தை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அரிசியின் பயணத்தைப் பாருங்கள். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாங்கள் மூடைக் கணக்கில் வாங்குகிற அரிசி எங்கே விளைந்தது? பொலன்னறுவையில், அம்பாறையில், சில நேரம் வன்னியிலேயே. அது ஒருதரம் லொறியேறிக் கொழும்புக்கு வந்து, எங்களிடம் சில்லறைக்குக் கொஞ்சம் குறைந்த விலையில் கைமாறி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் திரும்பிப் போகிறது. லொறிக் கூலி, வாளி, பை, கூடப் போகிற பத்துப் பேரின் சாப்பாடு எல்லாம் அதே 100 ரூபாயில்தான். அப்புறம் பதாகை. பதாகைக்கு முன்னால் வாளியோடு நிற்க வைத்து எடுக்கிற படம். அந்த அக்கா தன் வயலில் ஐந்து பேருக்குக் கூலி கொடுக்கிறவர் என்று எங்களுக்குத் தெரியாது. படத்தில் அவர் கை நீட்டுகிறவராகத்தான் விழுந்தார்.

இன்னொன்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை: ஊர்க்கடை. அந்தக் கடைக்காரரும் வெள்ளத்தில் சாமான் இழந்தவர். வருசம் முழுக்கக் கொப்பியில் எழுதிக் கடனுக்குக் கொடுத்தவர். ஒரே கிழமையில் ஊருக்குள் மூன்று லொறி அரிசி இறங்கினால் அவர் யாருக்கு விற்பார்?

இவ்வளவும் சொன்னாலும் பொதிதான் சரி என்கிற நேரம் உண்டு. வீதி வெட்டுண்டு, சனம் பாடசாலையில் தங்கியிருக்கிற முதல் பத்துப் பதினைந்து நாளில் காசு எதற்கும் உதவாது. அதிலும் முதல் இரண்டு மூன்று நாள் உலர் உணவுகூட வேண்டாம், சமைத்த சோறுதான் வேண்டும். அடுப்பும் நனைந்து விறகும் நனைந்த வீட்டில் பச்சரிசியை வைத்து என்ன செய்வது? இன்னொரு நேரம், ஊரே புதிதாகத் தொடங்குகிறபோது. 2009இல் போர் முடிந்த பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் வன்னிக்குத் திரும்பியபோது வயலில் கண்ணிவெடி, வீட்டுக்குக் கூரை இல்லை, பக்கத்தில் கடை என்று ஒன்று இல்லை. மாதக்கணக்கில் வந்த உலக உணவுத் திட்டத்தின் அரிசியும் மாவும் பருப்பும் இல்லாவிட்டால் முதல் வெட்டு வரை தாக்குப்பிடித்திருக்க முடியாது. அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் காடாகிக் கிடந்த வயலை வெட்டினார்கள்.

சொந்த நெல் இல்லாத கூலிக் குடும்பங்களுக்கும் பொதி பிரயோசனம். வயல் அழிந்தால் அவர்களுக்கு வெட்டுக் கூலியும் போகிறது, நிவாரணப் பட்டியலில் 'விவசாயி' என்ற பெயரும் இருக்காது.

கைக்காசு

"காசு குடுத்தா குடிச்சுப் போடுவினம்." இந்த வசனத்தை நான் கேட்காத கூட்டமே இல்லை. கொழும்பில் மட்டுமில்லை, ஊருக்குள்ளும் சொல்வார்கள், பெரும்பாலும் பக்கத்து வீட்டைப் பற்றி.

குடிக்கிற வீடு இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீட்டில் அரிசியையும் விற்றுக் குடிப்பார்கள். ஆனால் பொதுவாக நடப்பது என்ன? உலக வங்கியின் ஆய்வாளர் இருவர் 2014இல் பல நாடுகளில் நடந்த காசு உதவித் திட்டங்களின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். காசு கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் போகிற செலவு கூடவில்லை என்பதுதான் கிடைத்த விடை. எங்கள் நாட்டிலேயே சுனாமிக்குப் பிறகு உலக உணவுத் திட்டம் சில இடங்களில் உணவுக்குப் பதிலாகக் காசு கொடுத்துப் பார்த்தது. காசு வாங்கிய குடும்பங்கள் அரிசி, மாவைக் கொஞ்சம் குறைத்து இறைச்சி, பால் போன்றவற்றுக்குக் கூடச் செலவழித்தன. பிள்ளை வைத்திருக்கிற எந்தத் தாயும் செய்கிற வேலை.

அரசாங்கமே இப்போது உரத்தை மூடையாகக் கொடுப்பதை விட்டு, 2024/25 பெரும்போகத்தில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25,000 ரூபா என்று வங்கிக் கணக்கில் போட்டது. ஆகவே கமக்காரர்களிடம் கணக்கு இருக்கிறது, கிராம சேவகரிடமும் கமநல சேவை நிலையத்திலும் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. கொழும்பிலிருந்து கைத்தொலைபேசியில் பத்து நிமிச வேலை. 100 ரூபாயில் கிட்டத்தட்ட 100 ரூபாயும் போய்ச் சேரும்.

மறைந்திருக்கிற செலவுகள் வேறு வகை. ஒன்று, சிறுகச் சிறுகத் தூவுவது. பத்து இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 குடும்பத்துக்கு ஆளுக்கு 5,000 கொடுத்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் அந்த 5,000இல் ஓர் ஏக்கர்கூட விதைத்து முடியாது. மிச்சத்துக்கு எப்படியும் அடைவுக்கடைக்குப் போகத்தான் வேண்டும். 25 குடும்பத்துக்கு 40,000 கொடுத்தால் அந்த 25 பேரும் கடனில்லாமல் விதைத்துவிடுவார்கள், மற்ற 175 பேரும் எங்களைத் திட்டுவார்கள். இதற்குச் சுத்தமான தீர்வு கிடையாது. என் பக்கச் சாய்வு குறைந்த பேருக்கு முழுமையாகக் கொடுப்பதில். ஆனால் யாருக்கென்று கொழும்பிலிருந்து தீர்மானிக்காதீர்கள். கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் ஒன்றாக இருந்து, பெயர்களை எல்லார் முன்னாலும் வாசித்து முடிவெடுக்கட்டும். சண்டை வந்தால் அங்கேயே வந்து அங்கேயே அடங்கும்.

இரண்டு, தவணை. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டக் கட்டத் தவணையாக வந்தது. நல்ல திட்டம்தான், பல்லாயிரம் பேர் சொந்தக் கூரைக்குக் கீழே வந்தார்கள். ஆனால் அடுத்த தவணை கிடைக்க இந்தக் கட்டத்தை முடிக்க வேண்டும், முடிக்கக் கைக்காசு போதாது, ஆகவே கடன் என்று ஓடியவர்களை நான் நேரில் அறிவேன். வயலுக்குத் தவணை இன்னும் பொல்லாதது. விதைப்புக்கு வர வேண்டிய காசு ஒரு மாதம் பிந்தினால் அது வேறு எதற்கோ வந்த காசு.

மூன்று, கடன் நிலுவையுள்ள கணக்கு. போட்ட காசு வங்கித் தவணைக்குக் கழிந்துபோகக் கூடும். கேட்டுக்கொண்டு போடுங்கள். முடிந்தால் வீட்டில் பெண்ணின் கணக்குக்குப் போடுங்கள்.

காசு தோற்கிற நேரம் ஒன்றே ஒன்றுதான்: கடையில் சாமான் இல்லாத நேரம். அதை எங்களுக்கு 2021 நன்றாகவே காட்டியது.

விதைநெல்லும் உரமும்

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போகம் பாதி வழியில் நின்றது. அடுத்த வருசம் டொலர் இல்லை, டீசல் இல்லை, யூரியா கண்ணில் படவில்லை. 2022இல் 63 இலட்சம் பேர் போதிய உணவில்லாமல் இருக்கிறார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன, அதில் நெல் விளைவிக்கிற வீடுகளும் இருந்தன. அந்த நேரம் கமக்காரர் கையில் காசைக் கொடுத்து என்ன பயன்? வாங்க உரம் வேண்டுமே. அப்போது கப்பலில் வந்த உரம்தான் உதவி. 2023இல் அமெரிக்க உதவியில் 36,000 தொன் ரிஎஸ்பி என்ற பொசுபேற்று உரம் உணவு விவசாய நிறுவனத்தின் ஊடாக வந்தது. எங்களைப் போன்ற சங்கங்கள் அந்த அளவில் எதையும் செய்ய முடியாது. ஆனால் கணக்கு ஒன்றுதான்: சந்தை வெறுமையாக இருந்தால் பொருள், சந்தையில் பொருள் இருந்தால் காசு.

விதைநெல்லில் பெரும்பாலும் நடப்பது, நெல் இருக்கும், வாங்கக் காசு இருக்காது. வெள்ளம் ஒரு ஊரின் விதைநெல்லை முழுக்கக் கொண்டுபோனாலும் இருபது மைல் தள்ளி மேட்டில் இருக்கிற ஊரில் நல்ல நெல் கிடக்கும். கமக்காரருக்கு அது எந்த வீட்டில் என்றுகூடத் தெரியும்.

எங்களுக்குத் தெரியாதது நெல்லின் வயது, அதாவது விதைத்து எத்தனை மாதத்தில் வெட்டலாம் என்பது. ஒரு வயல்வெளி முழுக்க ஒரே வயது நெல்லைப் போடுவார்கள். குளத்துத் தண்ணீரைத் திறக்கிற நாளும் மறிக்கிற நாளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாகிவிடும். மூன்று மாத நெல் போட்ட வெளிக்குள் ஒருவர் மட்டும் மூன்றரை மாத நெல் போட்டால் கடைசித் தண்ணீர் அவருக்கு இல்லை. பிந்தி முற்றுகிற அந்த ஒற்றை வயலில்தான் ஊரில் உள்ள குருவி முழுக்க இறங்கும். ஒருமுறை நன்கொடையாகப் போன நெல் இப்படி வயது மாறிப் போய், அதைக் குற்றிச் சோறாக்கிய ஊரை எனக்குத் தெரியும். மரியாதைக்கு எங்களிடம் அதைச் சொல்லவில்லை, ஒரு வருசம் கழித்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

சுனாமிக்குப் பிறகு வள்ளங்களுக்கும் இதே கதை நடந்தது. சுனாமிக்கு முன் இருந்ததை விடக் கூடுதலாக வள்ளம் வந்து சேர்ந்த கரைகள் உண்டு.

அப்படியும் விதைநெல்தான் கொடுக்கப் போகிறோம் என்றால், வாங்குவதற்கு முன் ஒரு வேலை. எந்த மூடையிலிருந்தும் 100 மணி எண்ணி எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். நாலைந்து நாளில் பிரித்து எண்ணுங்கள். 85க்குக் குறைவாக முளைத்திருந்தால் அந்த மூடை வேண்டாம். கிளிநொச்சியில் ஒரு ஐயா இதைச் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சாக்கை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முளைக்காத மணியை மட்டும் சுண்டுவிரல் நகத்தால் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே போனார். தொண்ணூற்றிரண்டு. ஒன்றும் பேசவில்லை, சாக்கை மறுபடி சுருட்டி வைத்தார். வீசுவிதைப்புக்கு ஏக்கருக்கு 2 புசல் போதும் என்று கணக்கு. வெள்ளம் நின்ற மண்ணுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்.

காசுக்கும் பொருளுக்கும் நடுவில் கூப்பன் என்று ஒரு வழி இருக்கிறது. கிட்டத்து ஊர்க் கடை இரண்டு மூன்றோடு பேசி, கூப்பனைக் காட்டினால் விதைநெல், உரம், டீசல், மண்வெட்டி எதையும் எடுக்கலாம் என்று ஒழுங்கு செய்வது. கமக்காரர் தனக்கு வேண்டிய வயது நெல்லைத் தானே பார்த்து எடுப்பார், ஊர்க்கடையும் பிழைக்கும், எங்களுக்குப் பற்றுச்சீட்டும் வரும். ஆனால் ஒரே கடையோடு மட்டும் பேசாதீர்கள். ஒரு கடை என்றால் விலை ஏறும். உழவுகாரரையும் இதற்குள் சேர்க்க மறக்க வேண்டாம், பெரிய செலவு அவருக்குத்தான்.

வேலைக்குக் கூலி: மணல், வாய்க்கால், குளம்

வயலில் மூடிக் கிடக்கிற மணலை எடுக்கவும், உடைந்த வாய்க்காலைக் கட்டவும் ஊராருக்கே நாட்கூலி கொடுப்பது. நல்ல யோசனை. காணியில்லாதவர் கைக்கும் காசு போகும், வேலையும் மிஞ்சும்.

இரண்டு இடத்தில் கால் தடக்கும். சின்னக் குளமும், 80 ஹெக்டேர் வரை பாய்கிற அதன் வாய்க்காலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில். அதற்கு மேல் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களம். கேட்காமல் மண் அள்ளுகிற ஒரு பெக்கோவை இறக்கிக் குளக்கட்டில் கை வைத்தால் அடுத்த மழையில் கட்டு போனதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. மற்றது இன்னும் நுட்பமானது. விதைப்புக்கு முன் தன் பங்கு வாய்க்காலை ஒவ்வொருவரும் துப்புரவாக்குவது ஊர்வழக்கம். அதற்கு இந்த வருசம் கூலி கொடுத்தால் அடுத்த வருசம் கூலி வரும் வரை மண்வெட்டி எடுக்கமாட்டார்கள். ஆகவே வழமையான வேலைக்குக் கூலி வேண்டாம். வழமைக்கு மேலே வந்து விழுந்த மணலுக்கும் உடைப்புக்கும் மட்டும் கொடுங்கள்.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் வெட்டு முடிந்து அடுத்த மழைக்கு முன். வெள்ளம் வடிந்த கிழமையில் தொடங்கினால் விதைக்க வேண்டிய ஆளைக் கூலிக்கு இழுத்ததாகிவிடும்.

ஒரு பார்வையில்

| நேரம் | வயலில் என்ன நிலை | முதலில் பார்க்க வேண்டியது | தவிர்க்கலாம் |
|---|---|---|---|
| அழிவு வந்த முதல் இரண்டு கிழமை | முகாமில், வீதி இல்லை | சமைத்த உணவு, பிறகு பொதி | உடுப்பு மூடைகள் |
| மறுபடி விதைக்க நாள் இருக்கிறபோது | உழவு, விதைப்பு | ஒரே தடவையில் முழுக்காசு, கூப்பன் | தவணை |
| வெட்டுக்குக் கிட்ட அழிந்தால் | கடன்காரர் வாசலில் | அடைவு மீட்க, கடன் தள்ளக் காசு. கூலிக் குடும்பத்துக்குப் பொதி | விதைநெல் |
| சந்தையில் பொருளே இல்லாதபோது | விதைப்பு நின்றுபோகும் | பொருளாக உரம், விதை | காசு மட்டும் |
| வெட்டு முடிந்து மழைக்கு முன் | வயல் வெறும் தரை | மணல், வாய்க்கால் வேலைக்குக் கூலி | அரிசி லொறி |

பட்டியலில் இல்லாதவர்கள்

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் இது மிஞ்சி நிற்கும். கமநல சேவை நிலையப் பதிவு காணிக்காரரின் பெயரில் இருக்க, வயலைச் செய்கிறவர் குத்தகைக்காரராக இருப்பார். நட்டஈடு, உரக்காசு, காப்புறுதி எல்லாம் பதிவில் உள்ள பெயருக்குப் போகும். காணிக்காரர் சிலர் வெள்ளவத்தையிலேயே இருக்கிறார்கள், நன்கொடை கொடுத்த பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்கும். ஆகவே "காணி ஆருடையது" என்று கேட்காமல் "இந்தப் போகம் ஆர் விதைச்சது" என்று கேளுங்கள்.

மலையகத்தை மறக்கிறோம். டித்வாவில் நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கம் மண் சரிந்தபோது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தோடு சேர்ந்து கரட், லீக்ஸ் போட்ட துண்டுத் தோட்டங்களும் போயின. அந்தத் துண்டுக்குக் காணி உறுதியும் இல்லை, கமநலப் பதிவும் இல்லை. நெல்லை வைத்து மேலே சொன்ன கணக்கு அங்கே பொருந்தாது. மரக்கறிக்குப் போகம் சின்னது, விதை விலை கூட, மண் போன இடத்தில் மறுபடி நடவும் முடியாது. அங்கே நான் காசைத்தான் சொல்வேன், அதுவும் கணக்கு இல்லாத வீட்டுக்குக் கையில்.

மூன்று பேருக்கும் சொன்னது

தொடர்மாடிக்காரருக்குக் காசு கையிலேயே இருந்தது, யாருக்கும் கணக்கு ஒப்புவிக்கத் தேவையுமில்லை. அவர்களிடம் சொன்னது: ஒரே ஒரு ஊரை எடுங்கள், விதைக்க இன்னும் நாள் இருக்கிறவர்களைக் கேளுங்கள், முழுத்தொகையையும் ஒரே தடவையில் போடுங்கள். பொதி கட்ட ஆசைப்பட்ட பிள்ளைகளுக்காகக் கூலிக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் பொதியும் போகட்டும்.

அலுவலகத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போகாது. அவர்களுக்குக் கூப்பன். மூன்று கடை, ஓர் உழவுகாரர், ஒரு கொப்பி.

பழைய மாணவர் சங்கத்துக்கு வெளிநாட்டுக் காசு வந்து சேர எப்படியும் மாதங்கள் ஆகும் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. "அவசரப்பட்டு ஒண்டும் வாங்க வேண்டாம்" என்றேன். மார்ச் வெட்டுக்குப் பிறகு மணல் எடுக்கிற வேலைக்கு அதை வைத்திருக்கச் சொன்னேன். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. அதுவரை முகப்புத்தகத்தில் போட ஒன்றும் இருக்காதே என்பது அவருடைய கவலை. கடைசியில் அரைமனதோடு ஒத்துக்கொண்டார்.

கூப்பனில் மறுபடி விதைத்த ஒரு வீட்டிலிருந்து டிசம்பர் நடுவில் அலுவலகத்துக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஆட்கள் யாரும் இல்லை. வரம்பு, மேலே கொஞ்சம் வானம், மிச்சம் முழுக்கச் சேறு. விதைத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. "ஒண்டும் தெரியேல்லையே, முளைச்சாப் பிறகு எடுத்திருக்கலாமே" என்று சங்கச் செயலாளர் எனக்கு அனுப்பிவைத்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். இடதுபக்க மூலையில், வரம்போரமாக, நீலப் பிளாஸ்டிக் வாளி ஒன்று கவிழ்த்துக் கிடந்தது. விதைநெல் அள்ளி வீசியிருப்பார்கள் போல.